வீட்டுப் பெரியவருக்குப் புதிய ஸ்மார்ட்போன்: எந்தச் செயலி முதலில், எது கடைசியில்?

புதுப் போன் வந்த அன்றே பணம் அனுப்பும் செயலியை நிறுவி, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்து, அம்மாவின் கையிலோ அப்பாவின் கையிலோ கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மறுவாரமே அழைப்பு வரும். எழுத்து தெரியவில்லை, கடவுச்சொல் நினைவில்லை, திரையில் இருந்த படம் எங்கோ போய்விட்டது. அடுத்த மாதம் போன் பீரோவுக்குள் போய்விடும்.

என் அம்மாவுக்கும், பெரியப்பாவுக்கும், எங்கள் தெருவில் சிலருக்கும் ஆண்ட்ராய்டு போன் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்த இடம் செயலிகளின் வரிசைதான். பூட்டும் மீட்பு வழியும் முதலில் வர வேண்டும். கைப்பழக்கம் அதற்கு அடுத்தது. பணம் கடைசியை ஒட்டித்தான். இதை ஒரே நாளில் முடிக்க வேண்டாம்; மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 1 முதல் 4 வரை, இரண்டாம் நாள் 5 முதல் 7 வரை, மூன்றாம் நாள் 8 முதல் 10 வரை. 11 மட்டும் ஒரு வாரம் கழித்து.

ஒரு விதியைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்: திரையைத் தொடும் விரல் பெரியவருடையதாக இருக்கட்டும். நாமே வாங்கி அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அவருக்கு எதுவும் பழகாது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது சிம் எண். ஆதாரில் உள்ள எண், வங்கிக் கணக்கில் உள்ள எண், போனுக்குள் இருக்கும் சிம், இந்த மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஆவணங்களை வைக்கும் டிஜிலாக்கரும், பணம் அனுப்பும் யூபிஐயும் ஓடிபி (ஒரு முறைக்கான ரகசிய எண்) அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அமைத்துக் கொடுத்தபோது ஒரு மாலை முழுவதும் ஓடிபிக்காகக் காத்திருந்தோம். வரவே இல்லை. கடைசியில் பார்த்தால், ஆதாரில் இருந்தது என்றோ கைவிட்ட அவருடைய கணவரின் பழைய எண். பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பிற்பாடு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் நம் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும்.

ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் ஆதார் மையத்துக்கு அவரையே அழைத்துச் செல்லுங்கள். வங்கியில் எண்ணை மாற்றக் கிளைக்குப் போய்ப் படிவம் கொடுப்பதுதான் சுற்று இல்லாத வழி. இந்த இரண்டு வேலையும் முடிந்த பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மற்றவை: ஏடிஎம் அட்டை, ஆதார் அட்டை, நன்றாகச் சார்ஜ் ஏறிய போன், எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியுள்ள ரீசார்ஜ், ஒரு சிறிய நோட்டு, பேனா. அவருடைய வாசிப்புக் கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்துவிட்டு உட்கார்ந்த நாட்களில்தான் எனக்கு அதிக நேரம் வீணாகியிருக்கிறது. பழைய போனில் உள்ளவற்றை அழிக்கவோ, கடையில் மாற்றிக்கொள்ளவோ இரண்டு வாரமாவது பொறுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதிலிருந்துதான் எடுக்க முடியும்.

2. கூகுள் கணக்கு: அவருடைய பெயரில், அவருடைய எண்ணில்

பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. அவசரத்துக்குத் தங்கள் கணக்கையே அம்மாவின் போனில் போட்டுவிடுவார்கள். சில நாட்களில் மகனின் அலுவலகத் தொடர்புகள் அம்மாவின் போனிலும், அம்மாவின் படங்கள் மகனின் போனிலும் வந்து நிற்கும். அதைப் பிரித்தெடுப்பது, புதிதாக ஒரு கணக்கு தொடங்குவதைவிடப் பல மடங்கு வேலை.

அவர் பெயரில் புதுக் கணக்கு தொடங்குங்கள். மீட்பு எண்ணாக அவருடைய சிம் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக மகன் அல்லது மகளின் முகவரியையும் கொடுங்கள். போன் தொலைந்து சிம்மும் இல்லாத நிலையில் அந்த இரண்டாவது முகவரிதான் கணக்கைத் திருப்பித் தரும்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, காப்புக் குறியீடுகள் என்ற பகுதிக்குப் போனால் பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான். அவற்றையும், கணக்கின் முகவரியையும், கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லை எழுதிவைக்கக்கூடாது என்று சொல்வார்கள். வீட்டில் இருந்து அலுவலகக் கணினியைக் கையாள்பவருக்கு அது பொருந்தும். எழுபது வயதுக்காரருக்கு, ஊர் தாண்டி இருக்கும் திருடனைவிட மறதிதான் பெரிய ஆபத்து என்பது என் முடிவு.

கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டைத் திறக்க முடியாமல் போனை முழுவதும் அழித்து மறுபடி தொடங்கினாலும், பழைய பூட்டையோ பழைய கூகுள் கணக்கையோ அது கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. இரண்டுமே நினைவில் இல்லை என்றால் சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைப் படங்கள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் காப்பு எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் படங்களைக் காப்பெடுக்கும்போது தரத்தைக் குறைத்துச் சேமிக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

3. பூட்டு

திரைக்கு ஆறு இலக்க எண் வையுங்கள். கோடு இழுக்கும் பூட்டு வேண்டாம். எண்ணெய் பட்ட விரலின் தடம் கண்ணாடியில் அப்படியே தெரியும். பிறந்த ஆண்டு, வண்டி எண் இரண்டையும் தவிருங்கள்.

அடுத்தது கைரேகை. என் அம்மாவின் வலது கட்டைவிரலை எத்தனை முறை வைத்தும் போன் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பாத்திரம் தேய்த்து, அரிவாள்மணையில் காய் நறுக்கிய விரல் அது. ரேகை மழுங்கி, நடுவில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பும் இருக்கிறது. இடது கை மோதிர விரலை வைத்ததும் உடனே ஏற்றுக்கொண்டது. அதிகம் உழைக்காத விரலைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. அதே விரலை இரண்டு முறை தனித்தனியாகப் பதிவு செய்தால் இன்னும் எளிதாகத் திறக்கும். கை ஈரமாக இருந்தாலும், வறண்டு வெடித்திருந்தாலும் ஏற்காது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்.

அமைப்புகளில் பாதுகாப்பு மற்றும் அவசரநிலை என்ற பகுதியில் இரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருவர் ஆகியவற்றை நிரப்புங்கள். போன் பூட்டியிருக்கும்போதே அவசரநிலை என்பதைத் தொட்டு மற்றவர்கள் இதைப் பார்க்க முடியும். வழியில் மயங்கி விழுந்தவரின் போனைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு வேறு எந்தச் செயலியும் இதைப்போல உதவாது.

சிம்முக்கும் தனியாக ஒரு பின் (ரகசிய எண்) உண்டு. போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவதை அது தடுக்கும். ஆனால் மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கான தனிக் குறியீட்டை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள்.

4. கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்ப மாற்றுதல்

வழிகாட்டும் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இங்கேதான் ஒரு மணி நேரம் செலவிடுகிறேன்.

எழுத்தளவைப் பெரிதாக்குங்கள், ஆனால் கடைசி அளவுக்குப் போக வேண்டாம். அந்த அளவில் சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்குக் கீழே மறைந்துவிடும். கடைசிக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெரியப்பாவின் போனில் செயலிகள் அடிக்கடி காணாமல் போய்க்கொண்டே இருந்தன. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலை மட்டும் கவனித்தேன். அவர் தொடுவதில்லை; அழைப்பு மணியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடிக்கிறார். அழுத்திப் பிடித்தால் படத்தை நகர்த்தப் போகிறீர்கள் என்று போன் எடுத்துக்கொள்கிறது. விரலை எடுக்கும்போது சற்று இழுபட்டால் படம் இடம் மாறுகிறது, அல்லது நீக்கு என்ற இடத்தில் போய் விழுகிறது. அவரைப் பல மாதங்களாக எல்லோரும் கடிந்துகொண்டிருந்தோம். தவறு அவருடையதே அல்ல.

இதற்கு இரண்டு மாற்றங்கள் போதும். அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதியில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். முகப்புத் திரையை அழுத்திப் பிடித்து, அதன் அமைப்புகளுக்குள் போய், தளவமைப்பைப் பூட்டும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

பிறகு, திரையின் ஓரத்தில் இழுக்கும் சைகை முறையை மாற்றி, கீழே மூன்று பொத்தான்கள் தெரியும் முறைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பொத்தான் இருந்தால் எங்கே மாட்டிக்கொண்டாலும் முகப்புத் திரைக்குத் திரும்பலாம் என்ற தைரியம் வரும். திரை தானாகத் திரும்புவதை நிறுத்துங்கள். திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். படிப்பதற்குள் இருண்டுவிடுவது அவர்களை மிகவும் பதற வைக்கும்.

முகப்பில் எட்டுப் படங்களுக்கு மேல் வேண்டாம். போன், தொடர்புகள், வாட்ஸ்அப், கேமரா, படங்கள், டார்ச், பிறகு சேர்க்கப்போகும் இரண்டு, அவ்வளவுதான். கடையிலிருந்து வரும்போதே இருக்கும் விளையாட்டுகளையும் ஷாப்பிங் செயலிகளையும் நீக்குங்கள். தேவையில்லாத அறிவிப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். அவர் ஆங்கிலம் படிக்காதவர் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். தொலைபேசியில் உதவப் போகிறவரும் தன் போனை ஒரு வாரம் தமிழில் வைத்துப் பழகிக்கொள்வது நல்லது.

5. தமிழில் எழுத, தமிழில் பேச

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை பெரும்பாலான போன்களில் முன்பே இருக்கிறது. அதன் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும்போது எந்த அமைப்பு என்று கேட்கும். அவசரப்பட்டு முதலில் தெரிவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆங்கில எழுத்து தெரிந்தவருக்கு, அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும் முறை வசதி. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு நேரடித் தமிழ் எழுத்துகள் உள்ள அமைப்பு. கையால் எழுதிப் பழகியவருக்கு விரலால் எழுதும் பலகையும் உண்டு. கடிதம் எழுதி வளர்ந்த தலைமுறைக்கு இது மிகவும் பிடித்துவிடுகிறது.

தமிழ்99 முறையில் எழுத விரும்புபவர்கள் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் பயன்படுத்தலாம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற அந்த விசை அமைப்பில் உயிரும் மெய்யும் தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால், ஒரு வாரம் பழகினால் வேகம் வந்துவிடும்.

எழுதவே தயங்குபவருக்கு விசைப்பலகையின் மைக் படத்தைக் காட்டுங்கள். தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். புதியவர்கள் செய்யும் தவறு, தொட்டதும் உடனே பேசிவிடுவது. பேசலாம் என்ற குறிப்பு திரையில் தெரியும்வரை ஒரு கணம் பொறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் விழுந்துவிடும்.

இதற்குப் பயிற்சியாகத் தொடர்புகளைத் தமிழில் சேர்க்க வையுங்கள். பால்காரர், மருந்துக்கடை, சின்ன மகள், டாக்டர். நாற்பது பெயர் சேர்ப்பதற்குள் விசைப்பலகை கைக்கு வந்துவிடும்.

6. வாட்ஸ்அப்: நிறுவியதும் அல்ல, பூட்டியதும்தான் முடிகிறது

பழைய போனில் வாட்ஸ்அப் இருந்தால், அங்கே காப்பெடுத்த பிறகே புதிய போனில் எண்ணைப் பதியுங்கள். இந்த வரிசை மாறினால் பழைய உரையாடல்கள் வராமல் போகலாம். பேரக்குழந்தையின் குரல் பதிவுகளை இப்படி இழந்து அழுதவரை நான் பார்த்திருக்கிறேன்.

பதிந்ததும் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்கப் பின் வையுங்கள். மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். ஓடிபியை யாராவது ஏமாற்றி வாங்கிவிட்டாலும் இந்தப் பின் இல்லாமல் கணக்கைத் தங்கள் போனுக்கு மாற்ற முடியாது.

பிறகு மூன்று மாற்றங்கள். குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். தெரியாத எண்களின் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யுங்கள். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்களால் போன் நிரம்பிவிடுவதுதான் வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம்.

கடைசியாக, இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். ஒன்று, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் தொடக்கூடாது. அது பத்திரிகை அல்ல, எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபி திருடும் செயலி. தெரிந்தவரிடமிருந்து வந்தாலும் அப்படித்தான். அவருடைய கணக்கு முன்பே பறிபோயிருக்கும். இரண்டு, போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று சொன்னால் உடனே துண்டிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது.

7. ஆவணங்கள்: டிஜிலாக்கர்

மத்திய அரசின் இந்தச் செயலியில் ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவுச் சான்று, பான் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆதாரில் உள்ள எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு பதிவு செய்து, ஆறு இலக்கப் பாதுகாப்புப் பின் வைக்க வேண்டும்.

இங்கே குழப்பம் வரும் இடம் ஒன்று. வழங்கப்பட்ட ஆவணங்கள் வேறு, பதிவேற்றிய ஆவணங்கள் வேறு. நாமே படம் எடுத்து ஏற்றியது வெறும் நகல்தான். துறையின் பதிவிலிருந்து நேரடியாக இழுத்துக்கொண்டு வந்ததுதான் அசலுக்குச் சமம். வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது காட்ட வேண்டியது வழங்கப்பட்ட பகுதியில் உள்ளதை. புகைப்பட நகலைக் காட்டிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறியிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: முதலெழுத்து. உரிமத்தில் எஸ். லட்சுமி, ஆதாரில் லட்சுமி சுப்பிரமணியன், பான் அட்டையில் லட்சுமி எஸ். மனிதருக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். பெயர் பொருந்தவில்லை என்று ஆவணம் வர மறுக்கும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுபடி மறுபடி முயல்வதும் வீண். எந்த ஆவணத்தில் மாற்றுவது எளிது என்று பார்த்து அங்கே திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதி உண்டு. அதனால் மற்ற எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி வைத்து, எந்த வடிவம் அதிகமாக இருக்கிறது என்று பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.

8. பணம்: யூபிஐ

இரண்டு நாட்கள் போனைப் புழங்கிய பிறகே இதைத் தொடங்குங்கள். பூட்டைத் திறப்பது, திரும்பி வருவது, எண்ணைத் தட்டுவது மூன்றும் தடுமாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் திரையில் தடுமாறினால் விலை கொடுக்க நேரிடும்.

ஓய்வூதியம் வரும் கணக்கை இணைக்க வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அதை இணையுங்கள். என்ன தவறு நடந்தாலும் இழப்பு அந்தத் தொகையோடு நிற்கும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

செயலி ஒன்றே ஒன்று போதும். தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பீம் ஆனாலும் வங்கியின் சொந்தச் செயலி ஆனாலும் சரி. பதிவு செய்யும்போது போனே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். இரண்டு சிம் உள்ள போனில் வங்கியில் பதிந்த சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிபார்ப்பு தோற்றால் பத்தில் எட்டு முறை காரணம் தவறான சிம், அல்லது எஸ்எம்எஸ் போகாத ரீசார்ஜ். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் மறுபடி முயலுங்கள்.

வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களையும் காலாவதி மாதத்தையும் கேட்கும். ஓடிபிக்குப் பிறகு யூபிஐ பின் வைக்க வேண்டும். அது ஏடிஎம் பின்னாக இருக்கக்கூடாது, போன் பூட்டின் எண்ணாகவும் இருக்கக்கூடாது. நோட்டில் எழுதக்கூடாத எண் இது ஒன்றுதான். அவர் பின்னைத் தட்டும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளைக்கும் காட்டக்கூடாது என்பதை நம் செயலிலேயே காட்டினால்தான் வேறு யார் கேட்டாலும் மறுக்க வரும்.

புதிதாகப் பதிந்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ரூ.5,000-க்கு மேல் அனுப்ப முடியாது. இதைப் பழுது என்று நினைத்துச் செயலியை நீக்கிவிடாதீர்கள்.

முதல் பயிற்சி, வீட்டில் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்புவது. எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். பெயர் சரி என்றால் தொகை, பிறகு பின். இதே வரிசையை ஐந்து முறை செய்யுங்கள். அடுத்து மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய் அவரே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யட்டும்.

ஸ்கேன் செய்வதும் பின்னைத் தட்டுவதும் பணம் வெளியே போவதற்கு மட்டுமே. பணம் வருவதற்கு இரண்டும் தேவையில்லை. பரிசு விழுந்திருக்கிறது, பணம் திரும்பத் தருகிறோம், பின்னைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று. அதேபோல், உதவி செய்கிறேன், திரையைப் பகிரும் செயலியை நிறுவுங்கள் என்று சொல்பவர் உங்கள் பின்னைப் பார்க்கப் போகிறார்.

பணம் போகாமல் நிலுவையில் நின்றால் மறுபடி அனுப்பாதீர்கள். ஒரு மருந்துக்கடையில் பெரியப்பா பதற்றத்தில் ஒரே தொகையை மூன்று முறை அனுப்பிவிட்டார். கணக்கில் கழிந்து எதிராளிக்குப் போய்ச் சேராத பணம், நபருக்கு அனுப்பியதானால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 வங்கி தர வேண்டும். கடைக்கு அவசரமாகக் கொடுக்க வேண்டுமானால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். பையில் ஐந்நூறு ரூபாய் எப்போதும் இருக்கட்டும்.

9. ரயில், பஸ், மின்கட்டணம்

முன்பதிவு இல்லாத ரயில் டிக்கெட்டுக்கு ரயில்வேயின் ரயில்ஒன் செயலி. நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். காகிதமில்லா டிக்கெட்டை உள்ளே நின்றுகொண்டு எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. பரிசோதகரிடம் செயலியைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சென்னையில் இருப்பவருக்கு 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

மின்கட்டணத்துக்குத் தனிச் செயலி தேவையில்லை. யூபிஐ செயலியிலேயே மின் இணைப்பு எண்ணைச் சேர்த்துவைத்தால் போதும். எண்ணைச் சேர்த்ததும் வரும் பெயர் உங்கள் இணைப்பின் பெயர்தானா என்று பாருங்கள். வீட்டு இணைப்பு தாத்தாவின் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். பழைய பெயரைக் கண்டு திடுக்கிட வேண்டாம். இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை மட்டும் அழைக்கவே கூடாது.

10. அவசர எண்களும் தொலைந்துபோன ஒத்திகையும்

தொடர்புகளில் தமிழ்ப் பெயரோடு இவற்றைச் சேருங்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, இணையப் பண மோசடி 1930, முதியோர் உதவி 14567, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. மோசடி நடந்தால் 1930-ஐ அழைப்பதில் நிமிடங்கள் முக்கியம். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், நேரம், வங்கியின் பெயர் மூன்றையும் கேட்பார்கள். அந்த 12 இலக்க எண் செயலியில் எங்கே இருக்கும் என்று அந்த ஒரு ரூபாய்ப் பரிவர்த்தனையைத் திறந்தே காட்டிவிடுங்கள்.

*#06# என்று தட்டினால் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். நோட்டில் எழுதுங்கள்.

இப்போது போனை வேறு அறையில் மறைத்து வைத்துவிட்டு, தொலைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நோட்டை மட்டும் கையில் எடுங்கள். மகளின் போனில், தொலைந்த போனைத் தேடும் கூகுளின் ஃபைண்ட் ஹப்பைத் திறந்து, நோட்டில் உள்ள முகவரி, கடவுச்சொல்லோடு நுழையுங்கள். சரிபார்ப்பு எண் தொலைந்த போனுக்கே போகும் என்பதால் இங்கேதான் காப்புக் குறியீடு தேவைப்படும். மணியை ஒலிக்க வையுங்கள். ஒலித்தால் நோட்டில் எழுதியது சரி. நுழைய முடியவில்லை என்றால் தவறு இன்றே தெரிந்தது, திருத்திக்கொள்ளலாம்.

உண்மையிலேயே தொலைந்தால் வரிசை இது. ஃபைண்ட் ஹப்பில் பூட்டுதல், சிம்மை முடக்குதல், வங்கியை அழைத்து யூபிஐயை நிறுத்துதல், காவல் நிலையத்தில் புகார், அதே எண்ணில் புது சிம், பிறகு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்குதல். புது சிம் ஏன் அதற்கு முன் என்றால், சஞ்சார் சாத்தி ஓடிபி கேட்கும். புகாரின் நகலும் வேண்டும். இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

11. ஒரு வாரம் கழித்து

மறுபடி போய் உட்காருங்கள். முகப்பில் புதிதாக ஏதாவது செயலி வந்திருக்கிறதா, வாட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்களில் தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா, யூபிஐயில் தானியங்கிக் கட்டணம் எதற்காவது ஒப்புதல் போயிருக்கிறதா என்று பாருங்கள். சஞ்சார் சாத்தியில் அவர் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதையும் பார்த்து, அவருடையது அல்லாததைப் புகார் செய்துவிடுங்கள்.

பிறகு அவர் எதைப் பயன்படுத்தவே இல்லை என்று கேளுங்கள். அம்மா ஒரு வாரத்தில் டிஜிலாக்கரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஆனால் மருந்துப் பட்டையின் பொடி எழுத்தைக் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று தானே கண்டுபிடித்திருந்தார். டிஜிலாக்கரை உள்ளே தள்ளிவிட்டு, முகப்பில் அந்த இடத்தில் உருப்பெருக்கிச் செயலியை வைத்துக் கொடுத்தேன்.